கணக்குப் புத்தகத்தை யாருக்கு விற்பது?

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கிறேன். தகவல் தொழினுட்பம் படித்துவிட்டு, சிறு வியாபாரம் செய்யும் பெண்களுக்காக வாட்ஸ்அப் ஊடாக இயங்கும் ஒரு கணக்குச் சேவையைத் தொடங்கி நடத்திவருகிறேன். அன்றன்றைய விற்பனையையும் கடன் கொடுக்கல் வாங்கலையும் அவர்கள் குரல் பதிவாக அனுப்புவார்கள். செயற்கை நுண்ணறிவுச் சேவையொன்று அதை எழுத்தாக்கி ஒவ்வொருவருடைய கணக்கேட்டிலும் பதிந்துவிடும். திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எங்கும் ஏறத்தாழ இருநூறு பேர் பாவிக்கிறார்கள். அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. செலவெல்லாம் டொலரில் என் கடனட்டையில் விழுகிறது. இப்போது ஒரு நிதி நிறுவனம், இந்தக் கணக்குகளைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் கடன் தகுதிப் புள்ளி, அதாவது கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று காட்டும் ஒரு மதிப்பெண், கணித்துத் தந்தால் மாதாமாதம் நல்லதொரு தொகை தருவதாகச் சொல்கிறது. “பொறுப்பான செயற்கை நுண்ணறிவு என்பதெல்லாம் பணக்கார நாடுகளின் பேச்சு, நாங்கள் முதலில் பிழைக்க வேண்டும்” என்கிறார் என் தொழிற்பங்காளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

— உப்புவெளி வாசகி

பதில்: விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனம் கேட்கிற வடிவத்தில் அந்தப் புள்ளியை விற்க வேண்டாம். அதற்காகத் தொழிலை மூடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் பங்காளரின் வாதத்துக்கு முகம் கொடுக்க வேண்டும். கிழக்கில் நான் சந்திக்கிற இளம் தொழில் முயற்சியாளர்களில் பலர் வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிற வாதமும் அதுதான்.

அவர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. 2019இல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு வெளியிட்ட கோட்பாடுகளையோ, 2024 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமுலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தையோ எடுத்துப் படித்தால், சட்டப் பிரிவும் கணக்காய்வாளரும் வைத்திருக்கிற நிறுவனங்களுக்கென்றே எழுதியவை போலத்தான் தோன்றும். ஒரு மடிக்கணினியும் ஒரு கடனட்டையுமாகத் தொழில் நடத்துகிறவர் அந்தப் பட்டியலில் பாதியைக்கூட நிறைவேற்ற முடியாது. ஆனால் அந்த விதிகள் எதற்காக வந்தன என்று பார்த்தால் விடயம் வேறு பக்கம் திரும்புகிறது. நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வரித் திணைக்களம் ஓர் இடர் கணிப்பு முறையைப் பாவித்தது. ஒருவருக்கு டச்சுக் குடியுரிமை இல்லாதிருப்பதையும் அது இடர்க் காரணிகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. எந்தக் குற்றமும் செய்யாத ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர் என முத்திரை குத்தப்பட்டு, வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. வீடிழந்தவர்களும் உண்டு. கடைசியில் 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குக் குறைந்தது 30,000 யூரோ வீதம் இழப்பீடு கொடுக்க அந்த நாடு முன்வந்தது.

அந்தப் பிழைக்கு விலை கொடுக்க நெதர்லாந்திடம் பணம் இருந்தது. அதே பிழை கிண்ணியாவில் நடந்தால் யார் கொடுப்பார்? நீங்கள் கொடுக்க மாட்டீர்கள், உங்களிடம் இல்லை. நிதி நிறுவனம் கொடுக்காது. ஒப்பந்தத்தில் அதற்கு முன்னேற்பாடாகவே ஒரு வாசகம் இருக்கும். அரசிடம் எதிர்பார்ப்பதில் பயனில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்த அரசு இது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த 48 மாதத் திட்டத்தின் நிபந்தனைகளுக்குள் செலவைக் கட்டுப்படுத்தி வந்திருக்கிற திறைசேரி இது. ஆகவே பிழையின் முழுப் பாரமும் அந்தப் பெண்ணின் அடுப்படிக்கே போய்ச் சேரும். பொறுப்பு என்பதைப் பணக்கார நாடு கடைப்பிடிக்காமல் விட்டால் பின்னர் காசைக் கொட்டித் திருத்திக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பங்காளர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார் என்பதே என் கருத்து.

நான் நெடுங்காலம் வங்கியொன்றின் கடன் பிரிவில் இருந்தவன். காணி உறுதியும் அரச உத்தியோகத்துப் பிணையாளரும் இல்லை என்பதற்காக, ஒழுங்காக வியாபாரம் செய்கிற எத்தனையோ பெண்களின் விண்ணப்பங்கள் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். போரிலும் 2004 கடற்கோளிலும் இடம்பெயர்ந்து, கடதாசி எதுவுமே மிஞ்சாத குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களுடைய அன்றாட வரவு செலவே அவர்களுக்குச் சாட்சியாகும் என்றால் அதைவிட நல்ல காரியம் இல்லை. ஆகவே புள்ளி என்பதே தீது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கிற தரவுக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு இருக்கிறதா என்பதுதான் எனது முதற் சந்தேகம்.

கருவாடு விற்கிற ஒரு பெண் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு உங்களுக்குக் குரல் பதிவு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். “பாத்திமாவுக்கு அறுநூறு குடுக்கணும்” என்று அவர் சொன்னால் அவர் கடனாளி. “பாத்திமா அறுநூறு குடுக்கணும்” என்றால் அவருக்கு வரவு. நடுவில் இருப்பது ஓர் உருபு. அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ ஹோர்ன் அடித்தால் போதும், வரவு செலவாகிவிடும். பேச்சறி மாதிரிகள், அதாவது குரலைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்கள், பெரும்பாலும் தமிழகத்துப் பேச்சில் பயின்றவை. மூதூர்ப் பேச்சும் கிண்ணியாப் பேச்சும் அவற்றுக்குப் பழக்கமில்லை. நாற்பதுக்கும் நாநூறுக்கும், அரைக் கிலோவுக்கும் ஆறு கிலோவுக்கும் இடையில் அவை தடுமாறும். கணக்கேட்டைப் பாவிப்பவர் அந்தப் பெண் மட்டும்தான் என்றிருக்கும்வரை இது பெரிய ஆபத்தல்ல, ஏனென்றால் பாத்திமா யார், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். அதே வரி கொழும்பில் உள்ள ஒரு கணினியில் புள்ளியாக மாறும்போது சிரிக்கவும் திருத்தவும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டுத் தேவைக்குப் போதுமான தரவு வேறு, ஒருவருடைய தலைவிதியைத் தீர்மானிக்கப் போதுமான தரவு வேறு.

தரவு பிழையின்றி இருந்தாலும் புள்ளி பிழைக்கும். எங்கள் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால் கடல் கொந்தளிக்கும். நவம்பரிலிருந்து பெப்ரவரிவரை மீனை நம்பியவர்களின் கையில் காசு புழங்காது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குப் பலகாரமும் தயிரும் கொடுப்பவர்களுக்கு ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்வரைதான் உழைப்பு. தம்பலகாமத்துக் கடைக்காரிக்கு வாடிக்கையாளர் “வெள்ளாமை வெட்டினதும் தாறன்” என்று சொல்லிக் கடன் வாங்குவார். அந்தக் காசு பெப்ரவரி, மார்ச்சில் ஒரேயடியாக வரும். மேற்குக் கரையிலோ கொழும்பிலோ திரட்டிய தரவில் பழகிய மாதிரிக்கு இவை எல்லாம் வீழ்ச்சியாகவும் ஒழுங்கீனமாகவும் தெரியும். அதற்கு மேல் அதிர்ச்சிகள் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானபோது கரையில் இழுத்து வைக்கப்பட்ட படகுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கங்களில் வெள்ளம் புகுந்த நாட்களில் உங்களுக்குக் குரல் பதிவே வந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த வெற்றிடத்தை ஒரு மாதிரி எப்படி வாசிக்கும்? “பாவனையாளர் செயலற்றவர்” என்று வாசிக்கும். உயிரைக் காப்பாற்ற ஓடியவருக்கு அதற்காகப் புள்ளி குறையும்.

இன்னொன்றையும் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் பார்க்காமல் விட முடியாது. இனமும் மதமும் கேட்கவில்லை, ஆகவே பாகுபாடு இல்லை என்று அந்த நிறுவனம் உங்களிடம் சொல்லும். கேட்க வேண்டியதே இல்லை. வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிறவர் யார், நோன்பு மாதத்தில் இரவு வியாபாரம் கூடுகிறவர் யார், வெசாக்கின்போது யாருக்கு விற்பனை ஏறுகிறது, பதிவு கந்தளாயிலிருந்து வருகிறதா கிண்ணியாவிலிருந்து வருகிறதா என்பதெல்லாம் உங்கள் கணக்கேட்டிலேயே இருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இடத்தில், இவர் இந்த மூவரில் யார் என்ற கேள்விக்கு ஊரின் பெயரே விடை சொல்லிவிடும். ஒரு ஊரில் முன்னர் கடன் வசூல் மந்தமாக இருந்திருந்தால், அந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் கணினி சத்தமில்லாமல் புள்ளியைக் குறைக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் எழுதியிருக்கத் தேவையில்லை. நெதர்லாந்தில் குடியுரிமை செய்ததை இங்கே விடுமுறை நாள் செய்துவிடும்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற விடயத்துக்கு வருகிறேன். புள்ளி கேட்கிற நிறுவனம் கடன் கொடுப்பதற்கு மட்டும் அதைப் பாவிக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். உங்கள் கணக்கேடு காட்டுவது ஒருவரின் தகுதியை மட்டுமல்ல. எந்தக் கிழமையில், எந்த நாளில் அவர் கையில் காசு இருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. வசூலுக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெறுமதியான தகவல் வேறு இல்லை. கிழமைக்கொருமுறை ஒரு வீட்டு முற்றத்தில் குழுக் கடன் கூட்டம் நடப்பதை நீங்கள் பார்த்திருந்தால் நான் சொல்வது விளங்கும். பாயில் பெண்கள் வட்டமாக இருப்பார்கள், அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒருத்தியின் தவணை குறைந்தால் மற்றவர்கள் பிரித்துப் போடும்வரை மோட்டார் சைக்கிளில் வந்த உத்தியோகத்தர் எழும்ப மாட்டார். தவணை குறைந்தவள் தன்னிடம் காசில்லை என்று சொல்வதற்கு அங்கே அவளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, அவளுடைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது என்பதுதான். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் அவள் ஒதுக்கி வைத்த காசையும் சேர்த்து உங்கள் புள்ளி அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும்.

நுண்கடன் இந்த நாட்டில், குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும், என்ன செய்தது என்பது புதிய கதையல்ல. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க வேறொன்று என்று ஒரே பெண் பல நிறுவனங்களுக்குக் கட்டிய நிலையில், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணரும் இந்தப் பிரச்சினையைச் சுட்டிக்காட்டினார். அப்போது குறைபாடாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, கடன் வாங்குபவரால் தாங்க முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை என்பது. புள்ளி வந்தால் அதைப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கலாம்தான், புள்ளியை வாங்குகிறவருக்கு ‘வேண்டாம்’ என்ற விடையிலும் இலாபம் இருந்தால். கடன் கொடுத்தால் தரகு பெறும் ஓர் அமைப்பில் ‘இவளால் இன்னும் ஐம்பதாயிரம் தாங்க முடியும்’ என்ற விடைதான் எப்போதும் விரும்பப்படும்.

கைபேசிக் கடன்கள் பரவிய கென்யாவில் நடந்ததும் பாடமாக இருக்கட்டும். கடன் தவறியவரின் தொலைபேசியில் உள்ள உறவினருக்கும் நண்பருக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்கும் வழக்கம் அங்கே முற்றிய பிறகு, 2022இல் மத்திய வங்கி எண்மிய (டிஜிட்டல்) கடன் வழங்குநர்களை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 2023இல் கூகுள் நிறுவனமும் தனது செயலிக் கடையில் உள்ள கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுப்பதைத் தடை செய்தது. உங்கள் கணக்கேடு தொடர்புப் பட்டியலைவிட ஆழமானது. பாத்திமா உங்கள் வாடிக்கையாளரே அல்ல. அவரிடம் நீங்கள் எந்தச் சம்மதமும் கேட்டதில்லை. ஆனாலும் அவருடைய பெயரும் அவர் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் உங்களிடம் இருக்கின்றன. இருநூறு பேரின் கணக்கை ஒன்று சேர்த்தால், ஒரு ஊரில் யார் யாருக்குக் கடன் என்ற வரைபடமே வந்துவிடும். இருநூறு பேரும் சம்மதித்துக் கையொப்பமிட்டாலும் அந்த வரைபடத்தை விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

சட்டம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அதன் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் ஒத்திவைக்கப்பட்டதைக் காட்டி “இப்போதைக்குப் பிரச்சினையில்லை” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்று நீங்கள் கட்டுகிற அமைப்பு அந்த நாளிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய தரவை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. கணக்கு வைக்க வாங்கிய குரலை, கடன் புள்ளிக்குக் கொடுப்பது நேரே இதில் இடிக்கும். முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்டுத் தமது உரிமைகளைப் பாதிக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது. மீறலொன்றுக்குத் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாவரை போகலாம். ஐரோப்பியச் சட்டம் தனிநபரின் கடன் தகுதியைக் கணிக்கும் முறைகளை உயர் இடர் வகைக்குள் வைத்திருப்பதையும் உங்கள் பங்காளருக்குச் சொல்லுங்கள். நாளை வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

இனிப் பிழைப்பு. உங்கள் செலவு டொலரில் இருப்பதே உங்கள் கையை முறுக்குகிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்ட நாட்டில், வருமானமே இல்லாத ஒரு சேவைக்கு டொலரில் கட்டணம் கட்டுவது தொழில் முடிவு அல்ல, சூதாட்டம். போதாக்குறைக்கு, இந்த மொழி மாதிரிகள் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு சிறு துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கின்றன. துண்டுக் கணக்கில் கட்டணம் என்பதால் ஒரே செய்திக்குத் தமிழர் கூடக் கொடுக்கிறோம். ஆகவே முதலில் செயற்கை நுண்ணறிவைக் குறையுங்கள். உங்கள் வாடிக்கையாளரில் எழுத்துக் கூட்டி அடிக்கச் சிரமப்படுகிறவர்கள்கூட இலக்கத்தை அடிப்பார்கள்; எல்லாரும் தொலைபேசியில் இலக்கம் அடித்துப் பழகியவர்கள்தான். தொகையை அவர்களே விசையில் அடிக்கட்டும், பெயரையும் பொருளையும் மட்டும் குரலில் சொல்லட்டும். வரவுக்கு ஒரு பொத்தான், கொடுக்க வேண்டியதற்கு ஒரு பொத்தான். நான் மேலே சொன்ன பாத்திமாச் சிக்கலில் பெரும்பகுதி இதோடு போய்விடும், கட்டணமும் இறங்கும். மிச்சத்துக்கு, சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏ.ஐ.4பாரத் ஆய்வகம் திறந்த முறையில் வெளியிட்டிருக்கும் தமிழ்ப் பேச்சறி மாதிரிகளை உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். வேகம் குறையலாம். பெண்களின் குரல் நாட்டை விட்டு வெளியே போகாது என்பது அதற்கு ஈடு.

கட்டணம் வாங்கத் தயங்குவது உங்கள் இரண்டாவது சிக்கல். இலவசச் சேவைக்கு யாராவது ஒருவர் எப்படியும் விலை கொடுத்தே ஆக வேண்டும். இப்போது அந்தப் பெண்களையே விலையாகக் கேட்கிறார்கள். நீங்கள் இருக்கும் உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை விருந்தினர் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. பருவ காலத்தில் மீன்காரருக்கும் மரக்கறிக்காரருக்கும் சலவைக்காரருக்கும் கொடுக்கிற காசுக்குக் கணக்கு வைக்க முடியாமல் அவர்கள் திண்டாடுகிறார்கள். அதே அமைப்பை அவர்களுக்கு முறையான மாதக் கட்டணத்தில் கொடுங்கள். தயிர் உற்பத்தியாளர், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அங்கத்தவர் கணக்கு வைக்கும் வேலை இருக்கிறது. பெண்களிடமும் ஒரு சிறு தொகை வாங்குங்கள். ஒரு நாள் தேநீர்ச் செலவளவு போதும். காசு கொடுப்பவர் குறை சொல்வார், அந்தக் குறைகளில்தான் உங்கள் சேவை தேறும். மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் கணக்கை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பதைக் கட்டணத்தோடு சேர்த்துவிடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது தாளில் இருந்த கணக்குத்தான் கணக்கு.

கடன் விடயத்தில் நான் சொன்ன நடுவழி இதுதான். புள்ளியை நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள். அறிக்கையைப் பெண்ணிடம் கொடுங்கள். ஆறு மாதத்து அல்லது ஒரு வருடத்து வரவு செலவை, பருவ ஏற்ற இறக்கம் விளங்கும்படி, மற்றவர்களின் பெயர்களை நீக்கி, அவர் கேட்டால் மட்டும் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் அதை இலங்கை வங்கிக்கும் கொண்டு போகலாம், மக்கள் வங்கிக்கும் கொண்டு போகலாம், உங்களிடம் வந்த அந்த நிறுவனத்துக்கும் கொண்டு போகலாம், யாருக்கும் காட்டாமல் அலுமாரியில் வைத்தும் விடலாம். யார் எங்கே கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்ற பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்திடமிருந்து ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே பெற இன்று வழி இருக்கிறது. அதோடு உங்கள் தாளையும் சேர்த்து நீட்டுகிற பெண்ணிடம் வங்கி முகாமையாளர் பேசும் தொனியே மாறும், இதை நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஓர் அறிக்கைக்கு நிலையான கட்டணம் வாங்குங்கள். கடன் கிடைத்தால் இவ்வளவு என்ற தரகு மட்டும் வேண்டாம்; அந்த நாளிலிருந்து நீங்கள் கணக்காளர் இல்லை, கடன் முகவர்.

அந்த நிதி நிறுவனத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த வடிவத்துக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அறிக்கையைக் கொண்டுவரும் பெண்ணின் விண்ணப்பத்தை ஓர் உத்தியோகத்தர் நேரில் பார்ப்பாரா, மறுத்தால் அவருக்கு விளங்கும் மொழியில் காரணம் எழுதிக் கொடுப்பார்களா, அறிக்கை வசூல் பிரிவின் கைக்குப் போகாது என்று எழுத்தில் தருவார்களா என்றும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் மிகக் கவனமாக வாசிப்பேன். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், முன்னோட்டமாக உங்களிடம் உள்ள பழைய கணக்குகளில் ஒரு பகுதியை, அந்தப் பெண்களின் அனுமதியோடு, பெயர் நீக்கி நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே பெண்ணுக்கு ஆகஸ்டிலும் ஜனவரியிலும் என்ன புள்ளி வருகிறது, கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் மூதூருக்கும் சராசரி எப்படி விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு குறைந்த புள்ளி பெற்ற பத்துப் பேரிடம் நேரில் போய், கணக்கைக் காட்டி, எங்கே பிழை என்று கேளுங்கள். அவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவது எந்தக் கோட்பாட்டு நூலிலும் இருக்காது.

இதற்கிடையில் இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. குரல் பதிவுகள் வெளிநாட்டுச் சேவைக்குப் போகின்றன என்பதை உங்கள் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரு குரல் பதிவாகவே, பேச்சுத் தமிழில், சிங்களம் பேசுவோருக்குச் சிங்களத்தில், சொல்லிவிடுங்கள். கணக்கில் ஏறிய பிறகு குரலை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று தீர்மானித்து, அதற்கு மேற்பட்டவற்றை அழித்துவிடுங்கள். இல்லாத பதிவை யாரும் கேட்க முடியாது. யாராவது ‘என் கணக்கை நீக்கு’ என்றால் அன்றைக்கே நீங்கும்படி வழி செய்யுங்கள். தொழிலை இதுவரை பதிவு செய்யாவிட்டால் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, உங்களுக்கும் பங்காளருக்கும் இடையில் யார் சம்மதமில்லாமல் தரவைக் கைமாற்ற முடியாது என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். கருத்து வேறுபாடு இப்போதே வெளியில் வந்தது நல்லது; பணம் வரத் தொடங்கிய பின் இதைப் பேசுவது கடினம்.

நிறுவனம் ஒப்பந்த வரைவைத் தந்தால் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தரவை ‘துணை நிறுவனங்களுடனும் முகவர்களுடனும்’ பகிரலாம் என்ற வரி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரதியை வைத்திருக்கலாம் என்ற வரி, மூன்றாம் தரப்பினர் வழக்குத் தொடுத்தால் நட்டம் உங்களுடையது என்ற வரி ஆகிய மூன்றையும் தேடிக் கோடிட்டு, திருகோணமலை நீதிமன்றங்களில் தொழில் புரியும் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பாதியைப் பங்காளரின் கணக்கில் எழுதுங்கள்.